கேய்மன் எஸ்ஸின் முன்சக்கர கேலிப்பர்கள்: பந்தயத்தளத்தில் மூன்று ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டின் போர்ஷே கேய்மன் எஸ். 3.4 லிட்டர் எஞ்சின், 320 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,350 கிலோ எடை. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த காரைத்தான் வாங்கினேன். வாங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஆறேழு முறை, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்தில் சொந்தக் காரை ஓட்டத் தளத்தைத் திறந்துவிடும் டிராக் டே நாள்களில் அதை ஓட்டி வருகிறேன். இந்த மதிப்புரை காரைப் பற்றியது அன்று. அதன் முன்சக்கரங்களுக்குள் இருந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்வி நிறுத்தும் இரண்டு சிவப்பு கேலிப்பர்களையும், அவற்றை உயிரோடு வைத்திருக்க நான் பயன்படுத்திய, மாற்று ரப்பர்கள் அடங்கிய சீல் கிட்டையும், பிரேக் ஆயிலையும் பற்றியது. பந்தயத்தளத்துக்குப் போகத் தொடங்கியதும் பலர் முதல் வேலையாக இந்த கேலிப்பர்களைக் கழற்றிவிட்டு ஆறு பிஸ்டன் கொண்ட பெரிய பிரேக் கிட் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அது தேவையில்லை என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. பிரெம்போ நிறுவனம் போர்ஷேவுக்காகச் செய்து தரும் இந்த கேலிப்பர், இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்தது அன்று. ஒரே அலுமினியத் துண்டாக உருவானது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன்கள், நிலையாகப் பொருத்தப்பட்ட உடல், நடுவில் 318 மில்லிமீட்டர் விட்டமும் 28 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள துளையிட்ட டிஸ்க். நான்கு பிஸ்டன்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. டிஸ்க் உள்ளே நுழையும் பக்கத்துப் பிஸ்டன் சிறியது, வெளியேறும் பக்கத்துப் பிஸ்டன் பெரியது. டிஸ்க்கை அழுத்தி உராயும் கட்டையான பேட் ஒரு முனையில் மட்டும் சரிவாகத் தேய்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரே துண்டாக இருப்பதால் அழுத்தத்தில் இந்த உடல் விரிந்து கொடுப்பது மிகக் குறைவு. அதன் பலன் பெடலில் தெரிகிறது. காலை ஊன்றியதும் ஒரு விரற்கடை அளவுக்குள் கடினமான ஒரு தளம் கிடைக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு நிற்கிறது. ரப்பர்கள் புதிதாகவும் ஆயில் நல்லதாகவும் இருக்கும் நாளில், இந்த விலை வரம்பில் இதைவிடத் தெளிவாகப் பேசும் பெடலை நான் மிதித்ததில்லை.

நாளைக்கும் அந்தப் பெடல் அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்டது. என் கையில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. அதற்குள் நான்கைந்து இடங்களில் பிரேக்கை முழுவதுமாக மிதிக்க வேண்டும். மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு ஒரே மிதியில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரையும் பெட்ரோலையும் சேர்த்துக் காரின் எடை 1,450 கிலோ என்றால், அந்த ஒரு மிதியில் மட்டும் ஏறத்தாழ பதினான்கரை லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சென்னைக் குழாயில் வரும் ஐந்து லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது; மூன்றே முக்கால் விநாடிக்குள் பிறக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முன் டிஸ்க்குகள் இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. அது ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. டிஸ்க்கில் சேரும் வெப்பம் பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து சீலுக்கும் ஆயிலுக்கும் ஏறுகிறது. சாலையில் ஓடும் கார் ஆண்டு முழுவதும் காணாத சூட்டை, இந்த கேலிப்பர் ஒரு காலைப் பொழுதில் கண்டுவிடுகிறது.

எனவே ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று கையேடு சொல்வதைப் பந்தயத்தளத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சாலைக்கு எழுதிய கணக்கு. சாலைக்குச் சரியான கணக்கும்கூட. இதை நான் என் காரில்தான் கற்றேன். முதல் ஆண்டு, பதினான்கு மாதங்களாகக் காரிலேயே இருந்த, டாட் 4 என்ற தரத்துச் சாதாரண ஆயிலோடு ஒரு மே மாத நண்பகலில் தளத்தில் இறங்கினேன். ஐந்தாவது சுற்றில் பெடல் வழக்கத்தைவிட ஒரு அங்குலம் கீழே இறங்கியது. ஆறாவது சுற்றில், நேர்பாதை முடியும் இடத்தில், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போயிற்று. இரண்டாவது முறை வேகமாக மிதித்தபோது பாதி அழுத்தம் கிடைத்தது. கியரைக் குறைத்து, ஓரத்திலிருந்த மண்ணில் இறங்கிக் காரை நிறுத்தினேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் ஆறிய பிறகு பெடல் ஒன்றும் நடக்காததுபோல் மேலே வந்து நின்றது. ஆயில் கொதித்து ஆவியாகியிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தமெல்லாம் குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 தரத்தின்படி, புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்குகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், திருவான்மியூரில், ஆண்டின் பெரும்பகுதி புழுக்கத்தில் நிற்கும் காருக்கு இந்த இரண்டாவது எண்தான் உண்மையான எண். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட முதல் எண்ணை மட்டும் பார்த்து ஆயில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நாளுக்குப் பிறகு இரண்டு ஆயில்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஆயிலின் உலர் கொதிநிலை 312 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 200-ஐச் சற்றே தாண்டி நிற்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஆயிலுக்கு உலர் நிலையில் 320, ஈர நிலையில் 270. உலர் நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈர நிலையில் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு. எஸ்ஆர்எஃப் பல மடங்கு விலை. ஆனால் அதன் வேதியியல் உள்ளே வரும் நீரைக் கட்டிப்போட்டுக் கொதிநிலையைக் காப்பாற்றும் வகையில் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்பு தவறாமல் ஆயிலை மாற்றுகிறவருக்கு மோட்டுல் போதும். அதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது. என்னைப் போல் இரண்டு மூன்று டிராக் டேக்கு ஒரு முறை முழுவதும் மாற்றி, இடையில் கேலிப்பரில் இருக்கும் ஆயிலை மட்டும் வெளியேற்றுகிறவருக்கு எஸ்ஆர்எஃப்தான் சரி. அதற்கு மாறிய பிறகு இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. பெடல் ஒரு முறைகூடக் கீழே போகவில்லை.

ஆயிலை மாற்றும்போது ஒரு செய்தி. இந்த கேலிப்பரில் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நிப்பிள்கள் இருக்கின்றன. கைக்கு எட்டும் வெளி நிப்பிளில் மட்டும் காற்றெடுத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தால்தான் தெரியும் உள் நிப்பிளை விட்டுவிடும் பணிமனைகளைப் பார்த்திருக்கிறேன். உள் நிப்பிள் வழியாக முதல் முறை நான் ஆயிலை வெளியேற்றியபோது, தெளிந்த குழாயில் வந்தது தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து வந்ததோ தேன் நிறம். ஒரே கேலிப்பரின் இரண்டு பக்கங்களில் இரண்டு வயதுள்ள ஆயில் இருந்திருக்கிறது.

இனி சீல்களுக்கு வருகிறேன், ஏனெனில் இந்த மதிப்புரையின் சாரம் அங்கேதான் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி, கேலிப்பர் உடலில் வெட்டிய பள்ளத்துக்குள், சதுரக் குறுக்குவெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் வெளியே கசியாமல் தடுப்பது அதன் ஒரு வேலைதான். பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்த வளையமும் சற்றே சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் பிரேக்கில் திரும்பி வருவதற்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் கிடையாது. அந்த மயிரிழைதான் ஸ்பிரிங். வெப்பத்தில் வளையம் இறுகிக் கடினமாகிவிட்டால் இந்த இழுப்பு போய்விடும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசுவதால் சூடு, சூட்டால் வளையம் மேலும் இறுகுகிறது. கசிவு தெரியும் வரை காத்திருப்பவர்கள், சீல் தன் முக்கால்வாசி வேலையை நிறுத்தி ஓராண்டு கழித்துத்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தளத்திலிருந்து ஒரு முழுச் சுற்று மெதுவாக ஓட்டித் திரும்பிய உடனே, கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியால் இடது, வலது டிஸ்க்குகளை ஒரே இடத்தில் குறிவைத்துப் பார்க்க வேண்டும். என் காரில் இரண்டும் பத்துப் பதினைந்து டிகிரி வேறுபாட்டுக்குள் இருப்பதே வழக்கம். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் இடப்பக்கம் 45 டிகிரி அதிகம் காட்டியது. வீட்டுக்கு வந்து பேட்களைக் கழற்றி வெர்னியரால் அளந்தேன். இட முன்சக்கரத்தில் வெளிப்பக்கப் பேட் 7.8 மில்லிமீட்டர், உள்பக்கம் 6.1. நான்கு பிஸ்டன் கொண்ட நிலையான கேலிப்பரில் இரு பேட்களும் ஒரே சீராகத் தேய வேண்டும். 1.7 மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் உள்பக்கத்தில் ஏதோ ஒரு பிஸ்டன் திரும்பி வரவில்லை.

அப்போது நேரமின்மையால் நகரிலுள்ள ஒரு பணிமனையில் கொடுத்துச் சீல்களை மாற்றச் சொன்னேன். புதிய சீல் கிட்டை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, பழைய மகாபலிபுரம் சாலையின் மாலை நெரிசலில், கார் தானாக இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தின் அருகே நின்றால் கருகிய வாடை வந்தது. மறுநாள் நானே கழற்றினேன். புதிதாகப் போட்ட சீல், ஊறிய கொண்டைக்கடலையைப் போல் உப்பி, பள்ளத்துக்குள் மீண்டும் அடங்காத அளவுக்குத் தடித்திருந்தது. விரலால் தடவியபோது மஞ்சள் நிறத்தில் பிசுக்கு ஒட்டியது. பேரிங்குகளுக்குப் போடும் சாதாரண கிரீஸ் அது. பிரேக் சீல்கள் எதிலீன் புரொப்பிலீன் வகை ரப்பரால் ஆனவை. பெட்ரோல், டீசல், கனிம எண்ணெய், அதிலிருந்து செய்த கிரீஸ் ஆகிய எதைத் தொட்டாலும் அந்த ரப்பர் எண்ணெயை உறிஞ்சி வீங்கிவிடும். நல்ல எண்ணத்தோடு, வழுக்கலாக இருக்கட்டும் என்று செய்த வேலைதான்; விளைவு, ஒரு புதிய கிட் முழுவதும் குப்பைக்குப் போயிற்று. பணிமனையில் கொடுப்பவர்கள், பூட்டும்போது எதைத் தடவுவார்கள் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய பிரேக் ஆயில், அல்லது ரப்பருக்கென்றே செய்த சிவப்பு கிரீஸ் என்பது மட்டுமே ஏற்கத்தக்க பதில்.

இரண்டாவது கிட்டை நானே போட்டேன். உதவிக்கு வந்தவர், இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990-இல் வருவதற்கு முன்பு, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே கார்களோடு இருக்கும் ஒரு மெக்கானிக். நான் பிஸ்டனைக் கம்பியால் நெம்பப் போனதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இரும்பைக் கொண்டு போகாதே, காத்துல வரட்டும்" என்றார். இரண்டு வரிசைப் பிஸ்டன்களுக்கும் நடுவே வேப்பம்பலகைத் துண்டொன்றை வைத்து, ஆயில் குழாய் சேரும் துளையில் கம்ப்ரஸரின் காற்றை மிகக் குறைந்த அழுத்தத்தில் விட்டார். எளிதாக வரும் பிஸ்டன் முதலில் வெளியேறிப் பலகையில் முட்டி நின்றுவிடும். அதை ஒரு கிளாம்பால் பிடித்துக்கொண்டால் அடுத்தது நகரும். சிக்கியிருந்த உள்பக்கப் பிஸ்டன் கடைசியில், துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையோடு வந்தது. நடுவில் விரல் இருந்திருந்தால் எலும்பு மிஞ்சியிருக்காது. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பலகையைத் தவிர வேறெதையும் அந்த இடைவெளிக்குள் விடக் கூடாது.

பழைய சீல்களை எடுக்க அவர் தந்தது, முனை சீவிய மூங்கில் குச்சி. ஸ்குரூ டிரைவரால் எடுத்தால் பள்ளத்தின் விளிம்பில் கீறல் விழும்; கீறல் விழுந்த கேலிப்பர் அதோடு முடிந்தது. குச்சியால் எடுத்த பழைய வளையத்தை வளைத்துப் பார்த்தேன். புதியது விரலில் சுற்றிவிட்டாலும் உடனே வட்டமாகிறது. அதுவரை மாற்றாத, வெப்பம் பட்ட வலப்பக்கத்து வளையமோ மடித்த கோணத்திலேயே நின்றது. பள்ளத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படிவு, ஆயில் வெந்து காய்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு அதைக் கழுவவே ஒரு கேலிப்பருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிலிண்டரின் உள்சுவரில் உப்புத்தாள் போடும் ஆசை வரும்; போடக் கூடாது. அந்தச் சுவரின் மேற்பூச்சுதான் அலுமினியத்தைக் காக்கிறது. சுத்தம் செய்த பிறகு, புதிய ஆயிலில் நனைத்த சீலைப் பள்ளத்தில் வைத்து, பிஸ்டனைக் கட்டைவிரல்களால் மட்டும் நேராக அழுத்தினேன். சரியாக வைத்திருந்தால் ஒரு நொடி தயங்கிவிட்டு, உறிஞ்சுவதுபோல் உள்ளே போகிறது. சுத்தியலோ கிளாம்போ தேவைப்பட்டால் எங்கோ சாய்ந்திருக்கிறது என்று பொருள். வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். கேலிப்பரைத் தண்டில் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் 85 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். பழைய போல்ட்டுகளையே மீண்டும் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது நல்லதன்று.

நான் வாங்கிய சீல் கிட்டைப் பற்றி நல்லதாகச் சொல்லவே நிறைய இருக்கிறது. நான்கு சதுர வளையங்கள், பிஸ்டனின் வாயில் தூசி புகாமல் மூடும் ரப்பர் உறைகளான டஸ்ட் பூட்டுகள் நான்கு; அளவு பிசகாமல் பொருந்தின. ஒரு ஜோடி பந்தயப் பேட்டின் விலையைவிடக் குறைந்த விலையில் கேலிப்பருக்கு மறுபிறவி கிடைக்கிறது. அதிலுள்ள டஸ்ட் பூட்டுகள் மட்டும் தளத்து வெப்பத்தை நெடுநாள் தாங்குவதில்லை. எட்டு டிராக் டேக்குப் பிறகு அவற்றின் விளிம்பு முறுமுறுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. இது இந்தக் கிட்டின் குறை அன்று. பிஸ்டனின் வாயருகே எந்த ரப்பரை வைத்தாலும் இதுதான் கதி. பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் கார்களில் பூட்டுகளைக் கழற்றியே வைத்துவிடுவார்கள், அடிக்கடி பிரித்துத் துடைப்பார்கள். என் கார் மழைநீரிலும் சாலைப் புழுதியிலும் ஓடுவது. எனவே பூட்டுகளை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதையே தேர்ந்தேன்.

பூட் உதிர்ந்துவிட்ட கேலிப்பரில் புதிய பேட் போடும்போது ஒரு வேலை கட்டாயமாகிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீண்டுகொண்டே வரும். வெளியே நிற்கும் அந்தப் பகுதியில் பேட் தூசி வெந்து ஒட்டியிருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால், அந்தத் தூசி உப்புத்தாள்போல் சீலின் உதட்டைத் தேய்க்கும். பேட்டைக் கழற்றியதும் பிரேக்கை மெதுவாக ஓரிரு முறை மிதித்துப் பிஸ்டன்களைச் சற்றே வெளியே கொண்டுவந்து, ஆயிலில் நனைத்த நூல் துணியால் சுற்றிலும் துடைத்து, அதன் பிறகே உள்ளே தள்ளுகிறேன். நான்கு பிஸ்டன்களுக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. சீலின் ஆயுளை நீட்டிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கென்று ஒரு பத்தி. பேட் உட்காரும் இரு பக்கச் சுவர்களிலும், அலுமினியம் தேயாமலிருக்க, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் சிறு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கின்றன. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். தகட்டுக்குப் பின்னால் வெள்ளை மாவாக அது பூத்து, தகட்டை உள்நோக்கித் தள்ளும். பேட் முன்னும் பின்னும் நகர வேண்டிய பாதை குறுகி, பேட்டே இறுகிவிடும். இதைச் சீல் பழுதென்று எண்ணிச் சீலை மாற்றினால் பணம் வீண். பேட்டைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிகிறது என்றால் முதலில் தகடுகளைப் பாருங்கள். இறுகிய திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெயை ஓரிரவு விட்டு, வெப்பக் காற்றூதியால் சூடாக்கிய பிறகு கழற்றலாம். எண்ணெய் சீல்களின் பக்கம் போகாதபடி, சீல்களையும் மாற்றும் நாளில்தான் இதைச் செய்ய வேண்டும். மாவைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் பூச்சு ஒன்றை மெல்லிதாகத் தடவி, தகட்டை மீண்டும் பொருத்தினேன். தளத்திலிருந்து திரும்பிய மறுநாள் கேலிப்பர்களை நல்ல நீரால் கழுவி, ஒரு சிறு ஓட்டம் ஓட்டிக் காயவிடுவதை அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன். உப்பு நீர் வரும் போர்வெல் குழாயைப் பயன்படுத்துவதில்லை.

வெப்பத்தை அளந்து பார்க்காமல் இதையெல்லாம் பேசுவது ஊகமாகிவிடும் என்பதால், டிஸ்க்கின் விளிம்பில் வெப்பம் காட்டும் மூவண்ணப் பூச்சும், கேலிப்பரின் முதுகில் வெப்பநிலைப் பட்டையும் ஒட்டி ஓட்டினேன். பூச்சில் பச்சைக் கோடு 430 டிகிரியிலும், ஆரஞ்சுக் கோடு 560 டிகிரியிலும், சிவப்புக் கோடு 610 டிகிரியிலும் நிறம் மாறும். இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு பச்சையும் ஆரஞ்சும் மாறியிருந்தன, சிவப்பு மாறவில்லை. அதாவது டிஸ்க் 560-ஐத் தாண்டியது, 610-ஐத் தொடவில்லை. கேலிப்பரின் பட்டை 199 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருந்தது. அன்று சாதாரண டாட் 4 ஆயில் ஏன் கைவிட்டது என்பதற்கு அந்தக் கறுத்த கட்டம் ஒன்றே போதிய விடை. பிறகு 911 ஜிடி3-இல் வரும், காற்றைப் பிரேக்கின் பக்கம் அனுப்பும் பிளாஸ்டிக் காற்றுத் திருப்பிகளை வாங்கி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைகளில் மாட்டினேன்; கேய்மனுக்கும் அவை பொருந்தும். அதே தளம், ஏறக்குறைய அதே வெயில். பட்டை 177-க்கு மேல் கறுக்கவில்லை. கேலிப்பரின் ஆயுளுக்காக நான் செய்த செலவுகளில் மிகச் சிறியது இதுதான், பலனில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

பேட்டின் தடிமனும் இதே கணக்கில் வருகிறது. பேட் என்பது உராயும் பொருள் மட்டுமன்று. டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நிற்கும் வெப்பத்தடுப்புச் சுவரும் அதுதான். சாலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். தளத்தில் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுகிறேன். மீதிப் பாதியைச் சாலையில் தேய்த்துக்கொள்ளலாம், வீணாவதில்லை. ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, தளத்தோரத்தில் கார்கள் நிற்கும் பிட்டில் நிறுத்தியதும் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, கை பிரேக்கும் போடாமல் கியரில் நிறுத்துகிறேன். நிற்கும் காரில் பெடலை அழுத்திப் பிடித்திருந்தால், கொதிக்கும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பேட் ஒட்டிக்கொண்டு அத்தனை வெப்பத்தையும் பிஸ்டனுக்குள் அனுப்பும்.

குறை என்று இரண்டைச் சொல்வேன். ஒரே துண்டாக இருக்கும் உடல் உறுதியைத் தருகிறது. ஆனால் பிஸ்டன்களை வெளியே எடுக்க இடம் மிகக் குறைவு, பிரித்துப் போடுவது முதல் முறை செய்பவருக்குக் கடினம். அடுத்து, பேட்டின் முதுகில் ஒட்டிப் பிஸ்டனுக்குள் நுழையும் அதிர்வுத் தடுப்பான்கள். சாலையில் கிறீச்சிடாமல் இருக்க அவை உதவுகின்றன. தளத்து வெப்பத்தில் அவற்றின் பசை உருகிப் பிஸ்டன் வாயில் பரவிக் கெட்டியாகிறது, சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பந்தயப் பேட் போடும் நாள்களில் அவற்றைக் கழற்றி வைக்கிறேன், சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

பெரிய பிரேக் கிட் யாருக்கு வேண்டும்? எஞ்சின் திறனைக் கணிசமாகக் கூட்டியவர்களுக்கு, வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்கள் போட்டுப் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு, நொய்டா அருகே புத்த் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நேர்பாதையின் முடிவில் மீண்டும் மீண்டும் நிறுத்துபவர்களுக்கு அது தேவைப்படலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சாலை டயர்களில் ஓடும் கேய்மனுக்குத் தேவைப்படாது. பெரிய கிட்டிலும் இதே சதுர வளையமும் இதே ஆயிலும்தான் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்காதவருக்கு ஆறு பிஸ்டன் என்பது சிக்கிக்கொள்ள ஆறு இடங்கள். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு ஆகவில்லை: எஸ்ஆர்எஃப் ஆயில், சீல் கிட், புதிய போல்ட்டுகள், காற்றுத் திருப்பிகள், வெப்பப் பட்டைகள், அவ்வளவுதான்.

சென்ற மாதம் தளத்திலிருந்து திரும்பியதும் வழக்கம்போல் அளந்தேன். இடது, வலது டிஸ்க்குகளுக்கு இடையே 8 டிகிரி வேறுபாடு. நான்கு முன் பேட்களும் 0.3 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் தேய்ந்திருக்கின்றன. சக்கரத்தைத் தூக்கி விரலால் சுழற்றினால் உரசல் ஒலி இல்லாமல் சுற்றுகிறது. டஸ்ட் பூட்டுகளின் விளிம்பு மீண்டும் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கிட் வாங்கி வைத்துவிட்டேன், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மாற்ற வேண்டும்.